பூச்சி அரித்த முகம்

18 நவம்பர் 2024, திங்கள்

முதலில் படத்தைத் திறக்க வேண்டும். கீழே பென்சில் மாதிரி ஒன்று தெரியும். அதைத் தொட வேண்டும். கத்தரிக்கோல் வந்தால் வெட்டுவதற்கு. 'அ' என்று இருந்தால் எழுதுவதற்கு. சூரியன் மாதிரி இருப்பது வெளிச்சத்துக்கு. தப்பாகிவிட்டால் மேலே வளைந்த அம்புக்குறி இருக்கிறது. அதைத் தொட்டால் கடைசியாகச் செய்தது இல்லை என்று ஆகிவிடும்.

இது ஓசூரில் இருக்கும் என் மகன் கதிரேசன் போனில் சொன்ன பாடம். மூன்று தடவை சொன்னான். நான்காவது தடவை கேட்டதும், "எம்மா, ஒரு நோட்டுல எழுதி வச்சுக்கோயேன்" என்று அலுத்துக்கொண்டான். அவன் கம்பெனியில் கொடுத்த டைரி பத்து மாதமாகப் பருப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் வெள்ளையாகக் கிடந்தது. எடுத்துத் தூசி தட்டி ஆரம்பித்துவிட்டேன். எழுதுகிறவள் செண்பகவல்லி, வயது ஐம்பத்து நான்கு, வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவள், கோவில்பட்டி. டைரி தொலைந்தால் எடுப்பவர் படிக்காமல் கொண்டுவந்து கொடுக்கவும்.

விஷயம் இதுதான். 1986-இல் பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவில் இருந்தவர்கள் எல்லாரும் டிசம்பர் 29 ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்திலேயே கூடப்போகிறோம். ஏற்பாடெல்லாம் பேச்சியம்மாள். ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியை. வாட்ஸப் குழுவையும் வகுப்பு மாதிரியே நடத்துகிறாள். காலை வணக்கம் போடாதவர்களைப் பெயர் சொல்லிக் கேட்கிறாள். அந்த வருஷம் எடுத்த வகுப்புப் போட்டோ யாரிடமும் இல்லை. ஒருத்தி வீட்டில் கரையான் தின்றது, ஒருத்தி வீட்டில் மழைத்தண்ணீரில் போனது, பாதிப்பேர் கல்யாணமாகிப் போகும்போது விட்டுவிட்டுப் போனார்கள். என்னிடம் இருக்கிறது என்று வாயை விட்டுவிட்டேன். அதைப் பெரிதாக்கி மேடைக்குப் பின்னால் கட்ட வேண்டும், ஆளுக்கொரு பிரதியும் கொடுக்க வேண்டும் என்கிறாள்.

படத்தில் ஒரு முகம் மட்டும் கெட்டுப்போயிருக்கிறது. பூச்சி அரித்துவிட்டது. ஸ்டுடியோவில் கொடுத்தால் சரிசெய்து தருவார்கள் என்று பேச்சி சொன்னாள். வேண்டாம், நானே செய்து தருகிறேன் என்று முந்திக்கொண்டேன்.

21 நவம்பர், வியாழன்

யூடியூபில் ஒருவர் போட்டோ திருத்துவதைச் சொல்லிக்கொடுக்கிறார். "ஒண்ணுமே தெரியாதவங்ககூட ரொம்ப ஈஸியா பண்ணலாம்" என்று ஆரம்பிக்கிறார். என்னைப் பார்த்துச் சொன்ன மாதிரியே இருந்தது.

இன்று காலை, வெயில் நேராக விழாத இடத்தில் போட்டோவை வைத்துப் போனில் படம் பிடித்தேன். கோணலாக இருந்ததை நிமிர்த்தினேன். மஞ்சளைக் குறைத்தேன். குறைக்கக் குறைக்கப் பின்னாலிருந்த முருங்கை மரம் இலை இலையாகத் தெரிய ஆரம்பித்தது. அந்த மரத்தில் பூ உதிரும்போது எங்கள் எண்ணெய்த் தலையெல்லாம் வெள்ளையாகிவிடும். போட்டோ எடுத்த அன்றைக்கு மணியடித்து மூன்றாம் பீரியடில் எல்லாரையும் வெளியே விட்டார்கள். நாற்பத்திரண்டு பேர், பச்சைத் தாவணி, எல்லார் தலையிலும் கனகாம்பரம். போட்டோக்காரர் சிரிக்கக்கூடாது என்று சொன்னதனால் எல்லாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. டீச்சர் திரும்பிப் பார்த்து முறைத்ததும் அடங்கினோம். அந்த அடக்கிய சிரிப்பு நாற்பத்தொரு முகத்திலும் அப்படியே இருக்கிறது. பார்த்துக்கொண்டே இருந்ததில் உலையில் சோறு குழைந்துவிட்டது.

கெட்டுப்போன முகம், இரண்டாம் வரிசையில் இடமிருந்து பத்தாவது. ஒன்பதாவது நான். பத்தாவது பெயர் எமல்டா. அவளைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. கூடப் படித்தவள். பாஸானதும் மேல்படிப்புக்குத் தூத்துக்குடிக்குப் போனாள். போனவள் பழைய ஆட்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

என் வீட்டுக்காரர் ராமசுப்பு பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார். "பூச்சிக்கு இவ்வளவு வட்டமா அரிக்கத் தெரியுமா?" என்றார். தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிறது, போய் மோட்டாரை நிறுத்துங்கள் என்றேன்.

24 நவம்பர், ஞாயிறு

இன்று எழுத்துப் பாடம்.

படத்துக்குக் கீழே பெயர்கள் வர வேண்டும். அமர்ந்திருப்பவர்கள், நிற்பவர்கள், இடமிருந்து வலம் என்று அந்தக் காலத்தில் போட்ட மாதிரியே. மேலே பெரிதாக வகுப்பும் வருஷமும். இந்த ஆப்பில் எழுத்துக்கு என்னவெல்லாம் வேஷம் கட்டலாம் என்று பார்த்தால் கல்யாண வீட்டுக்குப் புடவை எடுக்கப் போனது போல் ஆகிவிட்டது. தங்க எழுத்து, ஜிகினா எழுத்து, வளைந்த எழுத்து, தண்ணீரில் நனைந்த எழுத்து. எதை விடுவது என்று தெரியாமல் கடைசியில் நெருப்பு எழுத்தைப் போட்டுக் குழுவில் அனுப்பினேன். பள்ளிக்கூடம் தீப்பிடித்த மாதிரி இருக்கிறது, மாற்று என்று பேச்சி உத்தரவு போட்டாள். மற்றவர்கள் கைதட்டல் போட்டிருந்தார்கள். பேச்சியைப் பார்த்ததும் அதில் நான்கு பேர் கைதட்டலை எடுத்துவிட்டார்கள்.

கறுப்பு எழுத்து, பின்னால் லேசாக நிழல். அது போதும் என்று முடிவு செய்தேன். இன்னொரு கோடு இருக்கிறது, எழுத்தை மங்கலாக்குவதற்கு. நூறிலிருந்து இழுத்துக்கொண்டே வந்தால் ஐந்தில் எழுத்து இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. எதற்காக அதை வைத்திருக்கிறார்கள் என்று புரியவில்லை.

27 நவம்பர், புதன்

பக்கத்தில் இருப்பதை எடுத்துக் கெட்ட இடத்தில் ஒட்டும் பொத்தானைக் கற்றுக்கொண்டேன். போட்டோவின் ஓரத்தில் இருந்த மடிப்பு, டீச்சர் மடியில் இருந்த மசிக் கறை எல்லாம் போய்விட்டன. தையலில் இழை போடுவதும் இதுவும் ஒன்றுதான், பொறுமை இருந்தால் வரும். அந்த முகத்தில் தடவினேன். முகம் இருக்க வேண்டிய இடத்தில் முருங்கை இலை முளைத்தது. திரும்பத் தடவினேன். என் காது வந்தது.

அம்புக்குறியைத் தொட்டுப் பழையபடி ஆக்கிவிட்டேன்.

28 நவம்பர், வியாழன்

தெற்குத் தெரு கல்யாணத்துக்கு ஏழு ஜாக்கெட். படத்தைத் திறக்கவில்லை.

1 டிசம்பர், ஞாயிறு

வேண்டாத ஆளை எடுத்துவிடும் பொத்தான் ஒன்று இருக்கிறது. யூடியூப்காரர் கடற்கரையில் எடுத்த படத்தில் பின்னால் நின்றவர்களை எல்லாம் தடவித் தடவிக் கடலாக்கிக் காட்டினார். நானும் பத்தாவது ஆளைத் தடவினேன். ஒரே ஒரு தடவுதான். ஆளே இல்லை. அங்கே சுண்ணாம்புச் சுவர் வந்துவிட்டது. அப்படி ஒருத்தி அங்கே நின்றாள் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

வேலை முடிந்தது என்று வைத்துவிட்டுப் போயிருக்கலாம். மனசு கேட்கவில்லை. திரும்ப எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவள் போன பிறகும் என் தாவணித் தோளில் ஒரு ஊக்கு மட்டும் பளிச்சென்று இருந்தது. அம்புக்குறியைத் தொட்டேன். அவள் திரும்பி வந்தாள், முகம் இல்லாமல். வலது கையால் தன் இடது தோளில் தாவணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை. அன்றைக்கு வரிசையில் நிற்கும்போது என் ஊக்கு உடைந்துவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. எமல்டா தன் ஊக்கைக் கழற்றி எனக்குக் குத்திவிட்டாள். தன் தாவணியைக் கையால் பிடித்துக்கொண்டாள். படத்தில் கைகட்டாமல் நிற்கிறவள் அவள் ஒருத்திதான். டீச்சர் அதற்காக அவளைப் பிறகு திட்டினார். அவள் காரணத்தைச் சொல்லவில்லை.

முகத்தைக் கெடுத்த பூச்சி இந்தக் கையை விட்டுவிட்டது. சேமிக்காமல் மூடிவிட்டேன்.

4 டிசம்பர், புதன்

கெட்ட முகத்தைத் தானாகவே வரைந்து தருமாம், இன்னொரு ஆப். கொடுத்துப் பார்த்தேன். வடநாட்டு சோப்பு விளம்பரத்தில் வருகிற மாதிரி ஒரு பெண் பச்சைத் தாவணியில் நின்றாள். புருவம் திருத்தியிருந்தாள். எமல்டாவுக்கு இடது பக்கம் ஒரு தெற்றுப்பல், மூக்கு நுனியில் அம்மைத் தழும்பு ஒன்று. மிஷினுக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்?

அவள் படம் ஒன்று கிடைத்தால்தான் இது ஆகும். யாரிடமாவது எமல்டா நம்பர் இருக்கிறதா என்று குழுவில் கேட்டேன். நான் கேட்டதே சிலருக்கு ஆச்சரியம். "உங்க ரெண்டு பேருக்கும் ஆகாதுல்லா?" என்று சொர்ணலதா கேட்டாள். போட்டோவுக்காகக் கேட்கிறேன் என்று போட்டேன்.

5 டிசம்பர், வியாழன்

சொர்ணலதா விசாரித்துச் சொல்லிவிட்டாள். எமல்டா திண்டுக்கல்லில் நர்ஸாக இருந்தாளாம். கொரோனா சமயத்தில் இறந்துவிட்டாளாம்.

6 டிசம்பர், வெள்ளி

இரண்டு ஜாக்கெட்டுக்குக் கழுத்தை மாற்றி வெட்டிவிட்டேன். முப்பது வருஷத்தில் இப்படி ஆனதில்லை.

8 டிசம்பர், ஞாயிறு

இறந்துபோனவர்களுக்கு அஞ்சலி அட்டை செய்ய வேண்டும் என்று பேச்சி கேட்டிருந்தாள். இரண்டு டீச்சர், வகுப்பில் மூன்று பேர், இப்போது நான்கு. மற்றவர்களுக்குப் படம் கிடைத்தது. ஓரத்தில் மாலை, கீழே குத்துவிளக்கு, எல்லாம் ஆப்பிலேயே இருக்கிறது. நேற்றே முடித்துவிட்டேன்.

எமல்டாவுக்குப் படம் இல்லை. வழக்கத்தில் குத்துவிளக்கை வைத்துவிட்டுப் பிறகுதான் உறைத்தது. எடுத்துவிட்டுச் சிலுவையும் மெழுகுவர்த்தியும் வைத்தேன். மெழுகுவர்த்தி பிறந்தநாள் மாதிரி வண்ணமாக இருந்தது. நிறத்தை எடுத்து வெள்ளையாக்கினேன். முகம் வர வேண்டிய இடத்தில் பெயரை மட்டும் பெரிதாக எழுதினேன். தங்க எழுத்தில் போட்டால் நகைக்கடைப் பலகை மாதிரி இருந்தது. ஒவ்வொன்றாகப் போட்டு ஒவ்வொன்றாக எடுத்தேன். கடைசியில் நீலத்தில் வெள்ளை எழுத்து, நிழல் இல்லை, ஒன்றும் இல்லை. அவள் எப்போதும் நீல ரிப்பன்தான் கட்டுவாள். கீழே 'கண்ணீர் அஞ்சலி, 10 ஆ தோழியர்' என்று போட்டேன்.

அதற்கும் கீழே இன்னொரு வரி எழுதினேன், பொடி எழுத்தில். பிறகு அந்த மங்கலாக்கும் கோட்டை ஐந்து வரை இழுத்தேன். யாருக்கும் தெரியாது. இருந்தாலும் அட்டையில் இருக்கிறது. என்ன எழுதினேன் என்று இங்கே எழுதப்போவதில்லை.

குழுவில் அனுப்பினேன். எல்லாரும் கைகூப்பிய படம் போட்டார்கள். ரொம்ப நன்றாக வந்திருக்கிறது என்று பேச்சி தனியாகப் பாராட்டினாள். இவர் பார்த்துவிட்டு, "இந்தப் பிள்ளைக்கு மட்டும் ரொம்ப நேரம் எடுத்துக்கிட்டே" என்றார். கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று சொல்லி எழுந்து வந்தேன்.

10 டிசம்பர், செவ்வாய்

காலை பதினோரு மணி இருக்கும். கொக்கி தைத்துக்கொண்டிருந்தேன். தெரியாத நம்பர்.

"செண்பகமா?"

"ஆமா. யாரு?"

"செத்துப்போனவ பேசுதேன்."

ஊசி விரலில் இறங்கியதுகூடத் தெரியவில்லை. முப்பத்தெட்டு வருஷம் ஆனாலும் அந்தக் குரல், ஒவ்வொரு வார்த்தையையும் மூக்கில் கொஞ்சம் பிடித்து விடுகிற குரல். என் அட்டையை யாரோ யாருக்கோ அனுப்பி, திண்டுக்கல்லில் அவள் மாதா கோயில் குழு வரைக்கும் போய்விட்டது. இறந்துபோனது அவள் கணவர். எமல்டா வீட்டில் துக்கம் என்று கிளம்பிய செய்தி ஊர் சுற்றி வந்தபோது எமல்டாவையே கொண்டுபோய்விட்டது.

நான் என்னென்னவோ உளறினேன். மன்னிப்புக் கேட்டேன், சொர்ணலதாவைத் திட்டினேன், சாப்பிட்டாயா என்று கேட்டேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கண்ணீர் அஞ்சலின்னு போட்டிருக்கியே, கண்ணீர் வந்துச்சா?" என்றாள். அப்போதுதான் வந்தது.

பிறகு அவள்தான் சொன்னாள்.

"அட்டையில கீழ அழுக்கு மாதிரி என்னமோ தெரிஞ்சுது. பெருசாக்கிப் பார்த்தேன்."

நான் எழுதியிருந்தது, 'அன்னைக்கு நான் வீட்லதான் இருந்தேன்.'

இனி எழுதிவிடலாம். அந்த வருஷம் ரிசல்ட் பேப்பரில் வந்தது. அவள் அப்பா வாங்கிவந்த பேப்பரை இரண்டு பேரும் சேர்ந்து விரித்துப் பார்த்தோம். அவள் நம்பர் இருந்தது. என் நம்பருக்கு முந்தினது இருந்தது, பிந்தினது இருந்தது, என்னுடையது இல்லை. கணக்கில் இருபத்தொன்பது. அவள் தூத்துக்குடிக்குப் போகும் முன் என்னைப் பார்க்க மூன்று தடவை வீட்டுக்கு வந்தாள். மூன்று தடவையும் நான் இல்லை என்று அம்மாவை விட்டுச் சொல்லச் சொன்னேன். கதவுக்குப் பின்னால் நின்று, அவள் திரும்பிப் போவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு வந்த கடிதங்களை எழுத்தைப் பார்த்ததுமே அடுப்பில் போட்டேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை என்று ஊருக்குச் சொல்லிவைத்தது நான். சொல்லிச் சொல்லி எனக்கே அது உண்மை மாதிரி ஆகிவிட்டது.

"ஏட்டி, நீ வீட்லதான் இருந்தேன்னு எனக்குத் தெரியும்" என்றாள். "மூணு தடவையும் வாசல்ல உன் செருப்பு கிடந்துச்சுல்லா."

11 டிசம்பர், புதன்

பேச்சி அந்த அட்டையைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டாள். விசாரிக்காமல் யாரையும் சாகடிக்கக்கூடாது என்று எல்லாருக்கும் பொதுவாக ஒரு அறிவுரை போட்டாள். சொர்ணலதா இன்று காலை வணக்கம் போடவில்லை. எமல்டாவைக் குழுவில் சேர்த்தாயிற்று. உயிர்த்தெழுந்துவிட்டேன் என்று அவளே போட்டாள்.

கூட்டத்துக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். போட்டோ கெட்டுப்போனதைச் சொன்னேன். தன்னுடைய பிரதி தன்னிடம் இருக்கிறது, தேடி அனுப்புகிறேன் என்றாள். எதனால் கெட்டது என்று கேட்டாள்.

பூச்சி என்றேன்.

13 டிசம்பர், வெள்ளி

கார்த்திகை தீபம். இரண்டு நாளாக அடைமழை, விளக்கை உள்ளேயே வைத்துவிட்டேன்.

எமல்டா அவள் படத்தை அனுப்பினாள். பெட்டியில் இருந்திருக்கிறது, மூலை மடங்கவில்லை. தெற்றுப்பல், தழும்பு, அடக்கிய சிரிப்பு, எல்லாம் அப்படியே இருக்கிறது. அவளைத்தான் முதலில் பார்த்தேன். பிறகுதான் பக்கத்தில் பார்த்தேன். ஒன்பதாவது ஆளுக்குத் தலை இல்லை. வட்டமாக ஓட்டை. அதன் வழியாக அவள் வீட்டு மேஜை தெரிகிறது.

'இதை வச்சு சரி பண்ணிக்கோ' என்று மட்டும் எழுதியிருந்தாள். ஓட்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

முதலில் போனைக் கவிழ்த்து வைத்தேன். கொஞ்ச நேரத்தில், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நிம்மதியாக இருந்தது. அவளும் என்னை மாதிரிதான். நான் செய்ததற்கு அவளும் செய்துவிட்டாள். நான் இனி எதையும் சொல்ல வேண்டியதில்லை. திரும்பப் பெரிதாக்கிப் பார்த்தபோது ஒன்று உறுத்தியது. வெட்டு ரொம்பச் சுத்தம். சின்னக் கத்தரியால் தலைமுடியின் ஓரமாக, கனகாம்பரம் ஒரு பூகூடச் சேதாரமாகாமல் வெட்டியிருக்கிறாள். கோபத்தில் வெட்டும் கை இப்படி வெட்டாது, வெட்டுகிற தொழில்காரிக்கு அது தெரியும். தெரிந்தும் அதைப் பற்றி யோசிக்காமல் போனை மூடிவைத்தேன்.

16 டிசம்பர், திங்கள்

மார்கழி பிறந்துவிட்டது. கோலம் போட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

பாடம்: ஒரு படத்தின் மேல் இன்னொரு படத்தை வைப்பது. கீழே என் படம். அதன் மேல் அவள் படம். மேலே இருப்பதைப் பாதி மங்கலாக்கி, முருங்கை மரத்துக்கு முருங்கை மரம், நாற்காலிக் காலுக்கு நாற்காலிக் கால் பொருந்தும் வரைக்கும் விரலால் நகர்த்த வேண்டும். நகர்த்தி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. பிறகு ஓட்டையில் தெரிந்த மேஜையை மட்டும் அழித்தேன்.

ஓட்டை வழியாகக் கீழே இருந்த என் முகம் தெரிந்தது. பக்கத்தில் அவள் முகம். வேறு எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. தடவவில்லை, ஒட்டவில்லை. இரண்டு பேரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிறோம்.

இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்கீங்க" என்றார். பூச்சியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

24 டிசம்பர், செவ்வாய்

படம் பிரிண்டாகி வந்துவிட்டது. நாளை கிறிஸ்துமஸ். எமல்டாவுக்கு வாழ்த்துப் படம் செய்து அனுப்பினேன், நட்சத்திரம் மட்டும் ஜிகினாவில். அவளும் ஒன்று அனுப்பினாள். நெருப்பு எழுத்து.

28 டிசம்பர், சனி

பழைய போட்டோவைக் கொண்டுபோவதா வேண்டாமா என்று நாள் முழுக்க யோசனை. பையில் வைத்தேன், எடுத்தேன், வைத்தேன். இந்த டைரியை முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். பூச்சி, பூச்சி என்று எத்தனை இடத்தில் எழுதியிருக்கிறேன்.

பையில் வைத்துவிட்டேன்.

29 டிசம்பர், ஞாயிறு

வீட்டுக்கு வந்து முகம் கழுவிவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

இருபத்தெட்டு பேர் வந்திருந்தோம். அந்த முருங்கை மரம் இல்லை, அங்கே சைக்கிள் நிறுத்தும் கொட்டகை. எமல்டா திண்டுக்கல்லிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினாள். தலை முழுக்க நரை, மை பூசவில்லை. என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள். "குண்டாயிட்டியேட்டி" என்றாள். சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, தன் இலையிலிருந்த அப்பளத்தை எடுத்து என் இலையில் வைத்தாள். எனக்குப் பிடிக்கும் என்று அவளுக்கு நினைவிருந்தது. அதை உடைக்காமல் இலை ஓரத்தில் ஒதுக்கி வைத்தேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு பேச்சி மைக்கைப் பிடித்தாள். பின்னால் தொங்கிய பெரிய படத்தைக் காட்டி, பூச்சி அரித்த படத்தைப் புதிதாக்கித் தந்த நம் செண்பகம் இரண்டு வார்த்தை பேசுவாள் என்றாள். எல்லாரும் கைதட்டினார்கள். எமல்டாதான் பலமாகத் தட்டினாள்.

மைக்கை வாங்கி நன்றி மட்டும் சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். மேலே வளைந்த அம்புக்குறி இல்லாத இடம் அது. பழைய போட்டோவைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். பூச்சி இல்லை, ஜியாமெட்ரி பாக்ஸில் இருந்த காம்பஸ் முனையால் நான்தான் கீறினேன் என்று சொன்னேன். பெயிலானது நான், வீட்டுக்குள் ஒளிந்துகொண்டது நான், கடிதத்தை எரித்தது நான், அவள் திரும்பிப் பார்க்கவில்லை என்று இத்தனை வருஷம் உங்களிடமெல்லாம் சொன்னதும் பொய் என்று சொன்னேன். எப்படிச் சொல்லி முடித்தேன் என்று தெரியவில்லை.

எமல்டா எழுந்து வந்தாள். போட்டோவை வாங்கிக் கண்ணருகில் வைத்துப் பார்த்தாள். கீறலின் மேல் விரலை வைத்துத் தடவினாள். அவள் முகத்தில் வலி தெரிந்தது. அது எனக்கு வேண்டியதுதான் என்று நின்றேன்.

"கண்ணையாவது விட்டிருக்கலாம்லட்டி" என்றாள்.

நீயும்தானே என் தலையை வெட்டினாய் என்று என் வாய் வரைக்கும் வந்தது. அவள் அதற்குள் கைப்பையைத் திறந்து ஒரு பழைய பஸ் பாஸ் உறையை எடுத்தாள். பிளாஸ்டிக் பழுத்து மஞ்சளாகியிருந்தது. அதற்குள் நகத்தளவுக்கு ஒரு முகம். கனகாம்பரத்தோடு, அடக்கிய சிரிப்போடு, என் முகம்.

"ஹாஸ்டல்ல சுவத்துல படம் மாட்ட விடமாட்டாங்க. அதான் உன்னை மட்டும் வெட்டி எடுத்துட்டுப் போனேன்."

மைக் அணைக்காமலேயே இருந்திருக்கிறது. எல்லாருக்கும் கேட்டுவிட்டது.

அந்தத் துண்டை என்னிடம் தா, உன் படத்தில் திரும்ப ஒட்டித் தருகிறேன் என்று கேட்டேன். தரமாட்டேன் என்று உறைக்குள் வைத்து மூடிவிட்டாள்.

30 டிசம்பர், திங்கள்

எமல்டா நேற்று ஊருக்குத் திரும்பவில்லை. பேச்சி வீட்டில் தங்கிவிட்டு இன்று காலை என் வீட்டுக்கு வந்தாள். முன்கதவு திறந்துதான் கிடந்தது. நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் நின்று, "செண்பகம் இருக்காளா?" என்று கேட்டாள்.

"இருக்கேன்" என்றேன்.

இரண்டு பேரும் பத்து மணி வரைக்கும் அடுப்படியிலேயே உட்கார்ந்து பேசினோம். இவர் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, தானே காபி போட்டுக் குடித்துவிட்டுப் போனார். பிற்பகல் அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வர வேண்டும்.

நடுவில் பால்காரரிடம் பால் வாங்க ஏனத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வாசல்படிக்குக் கீழே என் செருப்பு கிடந்தது. பக்கத்தில் அவள் செருப்பு. போனை எடுத்து ஒரு படம் பிடித்தேன். கொஞ்சம் கோணலாக விழுந்திருக்கிறது, ஓரத்தில் விளக்குமாறும் தெரிகிறது. எதையும் திருத்தவில்லை. எழுத்தும் போடவில்லை.